குதிரைத்திறனைக் கூட்டுகிறோம், சூட்டை அளக்க மறுக்கிறோம்



மகிழுந்தின் எண்ணெய்ச் சூட்டைப் பற்றி ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியன் ஏன் எழுத வேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு.

என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் கடன் வாங்கித் தன் பழைய மகிழுந்துக்கு டர்போ பொருத்தினான். சில மாதங்களிலேயே பேரிங்குகள் தேய்ந்து, இயந்திரம் இறுகி நின்றது. கடன் மட்டும் நிற்கவில்லை. "வெப்பமுள் நடுவில்தானே இருந்தது, ஐயா?" என்று கேட்டான்.

அந்த முள் காட்டியது நீரின் சூட்டை. எண்ணெயின் சூட்டை அன்று. நீர் சீராக இருக்கும்போதே எண்ணெய் கொதிப்பேறியிருக்கலாம். பிஸ்டனின் சூட்டை வாங்குவதும், சுழலும் பாகங்கள் ஒன்றையொன்று உரசாமல் காப்பதும் எண்ணெயே. நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டும் அதே எண்ணெயில்தான் மிதக்கிறது. டர்போ பொருத்தினால் ஆற்றல் மட்டுமா கூடும்? சூடும் கூடும்.

பொதுவாக எண்ணெய்க்கு உகந்த வெப்பநிலை 90 முதல் 110 பாகை செல்சியஸ். 80 பாகையை எட்டும் முன் இயந்திரத்தை விரட்டலாகாது. 130 பாகையைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். உயர்ந்த சூட்டில், ஒவ்வொரு 10 பாகைக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சூடேற ஏற எண்ணெய் நீர்த்துப்போகிறது. காக்கும் படலம் மெலிகிறது. உலோகம் உலோகத்தைத் தின்கிறது.

நம் பினாங்கில் பகற்காற்றே 30 பாகையைத் தாண்டுகிறது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் புலாவுக்கு மலை ஏறிவிட்டு, பாலத்து நெரிசலில் ஊர்ந்தால் ஆயில் கூலருக்குக் காற்று ஏது? எனவே கூலரைக் காற்றோட்டமான முன்புறத்தில் பொருத்த வேண்டும். எண்ணெய் சூடேறிய பின்னரே திறக்கும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். விரட்டி ஓட்டியவுடன் இயந்திரத்தை அணைக்காமல், கடைசிச் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்ட வேண்டும். இல்லையேல் டர்போவில் தேங்கிய எண்ணெய் கரியாகும். இவை அனைத்திற்கும் முன்பாக, எண்ணெய் வெப்பமானி ஒன்று வேண்டும்.

அந்த வெப்பமானியைத்தான் அவனுடைய பட்டறை கடைசிவரை பேசவே இல்லை. டர்போ விற்றது, ஓசை பெருக்கும் புகைக்குழாய் விற்றது, அளவுகோல் மட்டும் "பிறகு பார்க்கலாம்" ஆயிற்று. இது வணிகமன்று, அறியாமையை விலை பேசுவது.

பெற்றோரும் தப்ப முடியாது. முன்பணம் கொடுப்போம், பிறகு வசைபாடுவோம். இடையில் ஒருநாளேனும் "எண்ணெய்ச் சூடு எவ்வளவு?" எனக் கேட்டோமா? ஆசிரியர்களாகிய நாமும் வெப்பமானியைத் தேர்வு வினாவாக்கிவிட்டு நகர்கிறோம். கையில் கிரீஸ் படிந்த மாணவனைப் படிப்பு வராதவன் என ஒதுக்குகிறோம். 2002 ஆம் ஆண்டில் புரோட்டோன் மகிழுந்தில் உலகத் தயாரிப்புவகை ரேலிப் பட்டத்தை வென்ற கரம்ஜிட் சிங் நம் நாட்டவரே. இயந்திர அறிவு இழிவானதா?

"இதைக் கற்பித்தால் சாலைப் பந்தயத்தை ஊக்குவிப்பதாகாதா?" எனச் சிலர் கேட்பர். சாலைப் பந்தயம் குற்றம். இயந்திரத்தை மாற்ற சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். அதையும் சேர்த்தே சொல்வோம். ஆனால், நம் மௌனம் இதுவரை எவனைத் தடுத்தது? முள்ளைப் பார்க்கப் பழகியவன்தான் காலை எடுக்கவும் பழகுவான்.

அளக்கத் தெரியாத ஆற்றல் அழிவுக்கே வழி. அடுத்த முறை வெப்பமானிப் பாடம் நடத்தும்போது, நீர்க்குவளையோடு நிறுத்தாமல் இயந்திர எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.