அரை மணி நேரத்து விரதம்

சுடுகாட்டிற் பிறக்கும் வைராக்கியம் வீடு திரும்பி ஸ்நானம் செய்ததும் போய்விடும் என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. அதற்கு ஸ்மசான வைராக்கியம் என்று பெயரும் இட்டு வைத்தார்கள். நமது சீர்திருத்தப் பிரதிக்ஞைகளிற் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. புத்தாண்டன்று குடியை விடுகிறோம். பொங்கலன்று கடனை ஒழிக்கிறோம். தலைவரின் பிரசங்கம் கேட்ட இரவில் தேசத்துக்கு உயிரையே தத்தம் செய்கிறோம். மறு வாரம் பார்த்தால் பழைய மனிதனே பழைய திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். குற்றம் ஆசையில் இல்லை, அளவில் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

அத்தாட்சி வேண்டுவோர் பென்னலூர்ப் பக்கம் போய் வரட்டும். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னே இருப்பது அவ்வூர். அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. தெற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவ்வட்டாரத்துத் தொழிலாளருக்கு ‘கைஸென்’ என்ற ஜப்பானியச் சொல் புதிதன்று. நேற்று இருந்ததை இன்று சிறிது திருத்து, நாளை இன்னும் சிறிது திருத்து என்பதே அதன் தாத்பரியம். கருவியை எடுக்கக் குனிய வேண்டியிருந்தால் அதைக் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டு; தேடி அலையும் பொருளுக்கு ஓர் இடம் குறித்து வை. யுத்தத்தில் தோற்று நொறுங்கிய ஜப்பான் மீண்டும் தலைநிமிர்ந்ததற்கு இந்தச் சிறு திருத்தங்களும் ஒரு காரணம். அந்நாடு 1951-ல் ஏற்படுத்திய டெமிங் பரிசை, சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் பெற்றது. நம்மவர் கைக்கும் இப்பழக்கம் வரும் என்பது அதனால் ருசுவாயிற்று.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. எட்டு மணி நேரம் யந்திரத்தின் பக்கத்தில் இவ்வளவு சிரத்தையுடன் நிற்கும் அதே மனிதன், அறைக்குத் திரும்பியதும் தன் வாழ்க்கையைத் திருத்த மாட்டாமல் தவிப்பானேன்? தொழிற்சாலையில் அவன் செய்வது சிறிய காரியம். அதற்கு இடமும் அளவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டிலோ ஒரே நாளில் மலையைப் பெயர்க்க விரும்புகிறான். மாதம் முழுவதும் மிச்சம் பிடிப்பேன் என்பவனைவிட, சம்பளம் கைக்கு வந்த அன்றே நூறு ரூபாயை அஞ்சல் சேமிப்பில் போடுகிறவனே கடனிலிருந்து கரையேறுவான்.

இதில் அவசரம் உதவாது. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜைச் சேர்ந்தவர்கள் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு புதுப்பழக்கம் தானாக நடக்கும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதுமாயிற்று, சிலருக்கு 254 நாள் வேண்டியிருந்தது. நடுவே ஒரு நாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்பதும் அதிற் கண்டது. தவறிய மறுநாளே விரதத்தைக் கைவிடுகிறவர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக. வாரந்தோறும் ஷிப்டு மாறுகிறவனுக்கு நேரம் நிலைப்பதில்லை என்பது மெய்யே. அவன் கடிகாரத்தை நம்ப வேண்டாம். வேலை முடிந்து வந்து கைகால் அலம்பியதும் பத்துப் பக்கம் படிப்பது என்று வைத்துக்கொள்ளட்டும். ஷிப்டு எதுவானாலும் கைகால் அலம்பாமல் தீராதல்லவா?

பொதுக் காரியத்தில் இறங்கியவர்களுக்கும் இதையே சொல்லுவோம். 1924 டிசம்பரில் மகாத்மா காந்தியின் தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாமே நூற்றோ பிறரைக் கொண்டு நூற்றோ மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தது. நாளொன்றுக்கு 70 கஜத்துக்கும் குறைவு. அரை மணி நேரத்து வேலை. அந்த விதி ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் நாலணாச் சந்தாவும் போதும் என்று தளர்த்தப்பட்டது. சிறைக்கு அஞ்சாத வீரர் பலர் ராட்டைக்கு அஞ்சினார்கள்! ஊர்வலத்துக்கு ஒரு நாளைய உற்சாகம் போதும். ராட்டைக்கோ நாள்தோறும் உட்கார வேண்டும்.

பென்னலூரை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர் ராமாநுஜர். திருக்கோட்டியூரில் அவர் மந்திரார்த்தத்தை எல்லோருக்கும் வெளியிட்ட அந்த ஒரு நாளை உலகம் கொண்டாடுகிறது. அதைப் பெறும்பொருட்டு அவர் பதினெட்டு முறை அவ்வூருக்கு நடந்ததாகக் குருபரம்பரை கூறும். அந்த நடை இல்லையேல் அந்த நாள் ஏது?

நம்மைத் தவறாக எண்ணிவிடலாகாது. குறைந்த கூலியும், நிரந்தரமில்லாத ஒப்பந்த வேலையும் தொழிலாளியின் நற்பழக்கத்தால் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. உன்னைத் திருத்திக்கொள் என்று உபதேசித்துவிட்டு நியாயமான ஊதியத்தை மறுக்கிற முதலாளியின் பக்கம் நாம் நிற்க மாட்டோம். ஆனால் அந்த நியாயத்தைக் கேட்டுப் பெறுவதற்கு வேண்டிய சங்கமும் பழக்கத்தாலேயே நிற்கும். மாதந்தவறாமல் சந்தா கட்டுதல், கூட்டத்துக்கு நேரத்தில் வருதல், கணக்கை எழுதி வைத்தல் ஆகிய சிறு காரியங்கள் இல்லாத சங்கம் ஒரு கோஷத்தில் எழுந்து மறு கோஷத்தில் கலைந்து போகும்.

எனவே, பெரிய பிரதிக்ஞை எதையும் வாசகர்களிடம் நாம் கேட்கவில்லை. நாளைக்கும் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை இன்று தொடங்குங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். தேசமும் அப்படித்தான் நகரும்.