வரி நோட்டில் இல்லாத பெயர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திருச்சபையை விட்டுப் போனவன் இல்லை, போகிறதாகவும் இல்லை. நியூ டவுனுக்கு வந்த நாளிலிருந்து ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை (துர்கா பூஜை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட ஞாயிறுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள் :-)). அதனால் "விசுவாசம் இல்லாதவன் எழுதுறான்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மே மாதம் ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, வளர்ந்தது எல்லாம் கொல்கத்தா. ராத்திரி தேர் கிளம்பியது. பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, மாதா சுரூபத்துக்கு ஜரிகைச் சேலை, எல்லாம் அமர்க்களம். நான்கு தெரு சுற்றிவிட்டு வழக்கமான முக்கில் தேர் திரும்பியது. அந்த முக்குக்கு அந்தப் பக்கத்திலும் ஜனங்கள் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நின்றார்கள். "அப்பா, அவங்களும் நம்ம கோயில்தானே? ஏன் தேர் அங்க போகல?" என்றாள்.

"தெரு சின்னதும்மா, தேர் திரும்பாது" என்றேன்.

பொய். அந்தத் தெருவில் நெல் அறுக்கிற மிஷினே போய்வருகிறது. நான் தேர் போகிற தெருக்காரன். நாற்பது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டு இருந்தவன். என் பிள்ளை கேட்டபிறகுதான் நாக்கு குழறியது.

எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி என்று ஒரு நோட்டு உண்டு. அதில் பெயர் இருக்கிற குடும்பம் திருவிழாவுக்கு வரி கொடுக்கும், கூட்டத்தில் பேசும், தேர் எந்த வழி போகவேண்டும் என்று முடிவு செய்யும். தலித் குடும்பங்களின் பெயர் அந்த நோட்டில் கிடையாது. "அவங்ககிட்ட ஏம்ப்பா காசு வாங்கணும், பாவம்" என்று அப்பா சொல்வார். கேட்க இரக்கம் மாதிரி இருக்கும். ஆனால் வரி வாங்கினால் உரிமை கொடுக்கவேண்டும், அதனால்தான் வாங்குவதில்லை.

இது எங்கள் ஊர்க்கதை மட்டும் இல்லை. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் (கும்பகோணம் மறைமாவட்டம்) பங்கின் தலித் கத்தோலிக்கர்கள் ஏறக்குறைய இதே புகாரோடு கோர்ட்டுக்குப் போனார்கள். எங்களிடம் வரி வாங்குவதில்லை, திருவிழாவில் சம உரிமை இல்லை, தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்று. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் நோட்டீஸ் அனுப்பியது. மாதா தேர் எந்தத் தெருவில் போகவேண்டும் என்று கேட்க ஒரு கத்தோலிக்கன் டெல்லிவரை போகவேண்டியிருக்கிறது. ஆயர் இல்லம் அதைவிட ரொம்பப் பக்கம்.

ஆயர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அவர்கள் முகத்துக்கு நேரே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அவர்களே எழுதி ஒப்புக்கொண்டார்கள். உண்மையிலேயே தைரியமான அறிக்கை அது. ஆனால் அதை எந்த மறைமாவட்டம் எவ்வளவு நிறைவேற்றியது என்று என்றைக்காவது உங்கள் பங்கில் பூசை முடிந்து அறிவிப்பு வாசித்திருக்கிறார்களா? எங்கள் பங்கில் இல்லை. லாட்டரி குலுக்கல் தேதியை மட்டும் மூன்று வாரம் வாசித்தார்கள்.

"ஆயர் என்ன செய்வார், ஊர் கேட்காதே" என்று என் தம்பி சொல்கிறான். இதை அலட்சியமாகத் தள்ளமுடியாது. 2008 மார்ச்சில் எறையூரில் என்ன நடந்தது? தனிப் பங்கு கேட்டார்கள் தலித் கிறிஸ்தவர்கள். வன்னியர் கிறிஸ்தவர்கள் அவர்கள் தெருவுக்குள் புகுந்து தாக்கினார்கள், வீடுகள் நாசம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஆயருக்கும் பயம் இருக்கத்தான் செய்யும். கோயிலைப் பூட்டிவிடுவார்கள், கூட்டமாக வேறு சபைக்குப் போய்விடுவார்கள், சாமியாரை ஊருக்குள் விடமாட்டார்கள். எல்லாம் நடக்கக்கூடியதுதான்.

ஆனால் அந்த பயத்துக்கான விலையை எப்போதும் ஒரே தெரு கொடுக்கிறதே, அதைப் பற்றி யார் பேசுவது? சண்டை வரக்கூடாது என்று ஆயர் சும்மா இருக்கும்போது அவர் நடுநிலையில் இல்லை, எங்கள் தெருப் பக்கம் இருக்கிறார். பலனை அனுபவித்தவன் என்பதால் என்னால் இதை அடித்துச் சொல்லமுடியும்.

மனசு வைத்தால் ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. வடக்கன்குளம் கோயில் தெரியும் இல்லையா? 1872இல் கட்டியது. பிள்ளைமாருக்கு ஒரு பக்கம், நாடார் முதலான மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்துக் கட்டிய கோயில். 1910 வாக்கில் நடுவில் இருந்த தடுப்பை எடுத்தார்கள். பிள்ளைமார் தரப்பு சும்மா விடவில்லை, ஆயர் பார்த் உள்ளிட்டோர் மேல் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து தோற்றார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், சாதிப் பிரிவினை வேண்டும் என்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இன்று சமத்துவம் வேண்டும் என்றவர்கள் போகிறார்கள். நாம் எந்தத் திசையில் நடந்திருக்கிறோம் பாருங்கள்.

இதில் பொதுநிலையினர் என்ன செய்ய முடியும் என்று திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினேன் (ஆபீஸில் ரிலீஸ் இல்லாத ஒரு வாரம்!). 212ஆம் எண் நமக்கு மேய்ப்பர்களிடம் கருத்துச் சொல்ல உரிமை உண்டு, சில நேரம் கடமையே உண்டு என்கிறது. சந்தோஷம். அந்தக் கருத்துக்குப் பதில் சொல்ல ஆயருக்குக் கடமை உண்டா? அந்த எண்ணில் காணோம். பங்குப்பேரவை ஆலோசனை மட்டுமே சொல்லலாம், அதுவும் 536ஆம் எண்படி. புது ஆயரை முடிவு செய்வது பாப்பரசர். டெல்லியில் இருக்கும் அவருடைய தூதர் விசாரித்து மூன்று பெயர் அனுப்புவார். தேவை என்று அவருக்குப் பட்டால் பொதுநிலையினரையும் கேட்பார். உங்களில் யாரையாவது கேட்டார்களா? 374இல் மிலான் நகரத்தில் அம்புரோஸ் ஆயரானது ஜனங்கள் கோயிலில் கூடிக் குரல் கொடுத்ததால். அப்போது அவர் ஞானஸ்நானம்கூட வாங்கவில்லை!

தேர்தல் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தென்னிந்தியத் திருச்சபை நண்பர்களைக் கேளுங்கள், தேர்தலும் கோர்ட்டுமாக அவர்கள் படும் பாட்டைச் சொல்வார்கள். நான் கேட்பது ரொம்பச் சின்னது. வருஷத்துக்கு ஒருமுறை ஆயர் எழுதி வாசிக்கட்டும்: எத்தனை பங்கில் தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறது, எத்தனை கல்லறையில் சுவர் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்தேன் என்று. ரோமில் 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றமே மேய்ப்பர்கள் கணக்குச் சொல்லவேண்டும், ஆயர் தேர்வில் இறைமக்களின் குரல் இன்னும் கூடவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறதே.

இதையெல்லாம் மரியாதையாக ஆயருக்குக் கடிதமாக எழுதினேன். ஸ்பீட் போஸ்ட். போய்ச் சேர்ந்தது என்று இணையத்திலேயே காட்டியது. பதில் வரவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்துப் பங்குச்சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பையன் கல்கத்தாவுல இருந்து லெட்டர் போடுறாராமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். எழுதியது ஆயருக்கு, அடி விழுந்தது எழுபத்தாறு வயது மனுஷனுக்கு.

இங்கே கோயிலில் எனக்கு முன்னால் ஒரு சந்தாலி குடும்பம் உட்காரும், பக்கத்தில் மலையாளி, பின்னால் ஆங்கிலோ இந்தியப் பாட்டி. நான் எந்தத் தெருக்காரன் என்று யாரும் கேட்டதில்லை. இதை வைத்துக் கொல்கத்தாவைப் பெருமையடிக்க மாட்டேன், இங்கே என்னைத் தெரியாது, அவ்வளவுதான். இந்த வசதி முக்குக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு எங்கள் ஊரில் கிடையாது.

இந்த வருஷத் திருவிழா வரியை நான் அனுப்பவில்லை. அப்பா நேரடியாகக் கேட்கவில்லை. தம்பிதான் கூப்பிட்டான். "நோட்டுல உன் பேரை அடிச்சிடவான்னு கேக்குறாங்கண்ணே."

"அடிக்க வேண்டாம்டா. அந்தத் தெருப் பேரையும் எழுதிட்டுச் சொல்லு, அன்னிக்கே மொத்தமா அனுப்புறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாகிட்ட நீயே சொல்லுண்ணே" என்று ஃபோனை வைத்துவிட்டான். வர்ற ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடவேண்டும்.