பெயர் வரியில் தமிழ் எழுதுக!

கணினியைத் திறந்தவுடன் தமிழன் கண்முன் விரிவது யாது? மென்பொருள்களின் பட்டி. அப்பட்டியிலுள்ள பெயர்களுள் தமிழ்ப்பெயர் எத்துணை? பெரும்பாலார் கணினியில் ஒன்றேனும் இல்லை. வீட்டு வாயிலில் தன் பெயரைத் தமிழிற் பொறித்துவைக்கும் தமிழனும், நாள்தோறும் விழித்துநோக்கும் திரையில் மட்டும் ஆங்கிலத்தை அரியணையேற்றி, அதன்முன் கைகட்டி நிற்கின்றான். ஏனென்று வினவின், 'கணினி அப்படித்தான் வந்தது. யான் என் செய்வேன்?' என்கின்றான்.

இது பொய். அறியாது சொல்லின் இரங்கத்தக்க பொய். அறிந்தே சொல்லின் இழிதக்க பொய்.

இலினக்சு இயங்குதளத்தை எடுத்துக்கொள்க. அதன் பட்டி கல்லில் வெட்டிய எழுத்தன்று. பட்டியில் தோன்றும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சிறு கோப்பு உளது. எவரும் திறந்து படிக்கத்தக்க வெறும் எழுத்துக்கோப்பே அது. அதன்கண் பெயர் கூறும் வரி ஒன்று. விளக்கங்கூறும் வரி ஒன்று. படவுருவைச் சுட்டும் வரி ஒன்று. மென்பொருளை இயக்கும் கட்டளைவரி ஒன்று. குனோம், கேடீயீ ஆகிய இருபெருந் திரைச்சூழல்களும் இவ்வொரு முறையையே பின்பற்றுகின்றன.

பெயர் வரியை அடுத்து, மொழிக்கொரு வரி சேர்க்க இடமுண்டு. 'நேம்' என்னும் சொல்லையொட்டிப் பகர அடைப்புக்குள் தமிழைக் குறிக்கும் டி, ஏ என்னும் இரு சிற்றெழுத்துகளை இட்டு, நிகர்க்குறிக்குப்பின் தமிழ்ப்பெயரை எழுதினாற் போதும். கணினியின் மொழியமைப்புத் தமிழாயிருப்பின், பட்டி அப்பெயரையே காட்டும். உலக மொழிகள் பலவும் தத்தம் வரியில் அமர்ந்திருக்க, தமிழின் வரி பல கோப்புகளில் இல்லாதிருப்பது எவர் குற்றம்? கதவை அடைத்தவர் எவருமிலர். உள்ளே செல்லத்தான் ஆளில்லை.

பொதுக்கோப்பைத் தொடவேண்டும் என்பதும் இல்லை. அதனைப் படியெடுத்து, வீட்டு அடைவில் புள்ளியுடன் தொடங்கும் 'லோக்கல்' என்னும் மறைகோப்புறைக்குள், 'சேர்' என்பதனுள், 'அப்ளிகேசன்சு' என்னுமிடத்தில் அதே கோப்புப்பெயருடன் வைத்துத் திருத்துக. கணினி பயனரின் படியையே முதன்மையாகக் கொள்ளும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுப் பொதுக்கோப்பு மாறினும், பயனர் எழுதிய தமிழ் அழியாது. பிழை நேரின் அப்படியை நீக்கியவுடன் பழைய பெயர் மீளும். விண்டோசிலுங்கூடத் தொடக்கப்பட்டியில் குறுவழிகளாயுள்ளவற்றின் பெயர்களை மாற்றலாம். தமிழ் இடைமுகத்துக்கான மொழித்தொகுப்பும் அதற்குண்டு.

ஆயினும் தமிழன் வாளாவிருக்கமாட்டான்; தடை கூறுவான். 'பெயரை மாற்றினால் மென்பொருள் இயங்காதே!' என்பது முதல் தடை. இயக்குவது கட்டளைவரி, பெயர்வரியன்று. கட்டளைவரியைத் தொடாதவரை மென்பொருளுக்கு ஊறில்லை.

'படவுருவே போதும், பெயர் எதற்கு?' என்பது இரண்டாவது. போதுமாயின் ஆங்கிலப்பெயர் மட்டும் அங்கு எதற்கு? ஆங்கிலம் இருக்கும்போது எழாத ஐயம், தமிழ் வரும்போது மட்டும் எழுவதேன்?

'ஆளுக்கொரு சொல் ஆக்கினால் குழப்பம் விளையும்' என்பது மூன்றாவது. இஃதொன்றே எண்ணிப்பார்க்கத்தக்கது. ஆனால் கோப்பு, கோப்புறை, உலாவி, மின்னஞ்சல், விசைப்பலகை, அச்சுப்பொறி முதலிய சொற்கள் நூல்களிலும் இதழ்களிலும் வேரூன்றிவிட்டன. இருக்குஞ் சொல்லை எடுத்தாள்பவன் குழப்பம் விளைப்பதில்லை. புதுச்சொல் வேண்டுமிடத்தும், தன் கணினியில் எழுதியதைத் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர் குழுக்களுக்கு விடுத்தால், ஒருவர் சொல் ஊரார் சொல்லாகும்.

எழுத்தில்லை என்று சாக்குரைக்கவும் வழியில்லை. 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குகுறியின் முதற்பதிப்பிலேயே தமிழெழுத்துகள் இடம்பெற்றன. 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. எழுத்தும் உண்டு, விசையும் உண்டு, எழுதும் வரியும் உண்டு. இல்லாதது உள்ளம் ஒன்றே.

இதனினுங் கொடிது, தமிழெழுத்தில் ஆங்கிலம் எழுதும் கொடுமை. 'பைல்' என்றும் 'செட்டிங்' என்றும் எழுதிவிட்டுத் தமிழ்ப்பட்டி அமைத்தோம் எனத் தருக்குவோர் உளர். அது தமிழன்று, ஆங்கிலத்துக்கு இட்ட தமிழ் முக்காடு. ஆங்கிலம் ஆங்கிலமாகவே நிற்பின் அயலது என்பதேனும் விளங்கும். தமிழெழுத்துப் போர்த்து வருங்கால், இளஞ்சிறார் அதனையே தமிழென நம்புவர். 'அமைப்பு' என்னுஞ் சொல் தம் மொழியில் உண்டென்பதையும் அறியாது வளர்வர். தமிழ் அடுக்களைக்கு, ஆங்கிலம் அறிவுக்கு என்னும் பிரிவினை அவர்தம் நெஞ்சில் பட்டியின் முதல் வரியிலேயே பதியும். அங்குப் பதிந்ததைப் பின்னர் எம்மேடைப் பேச்சும் அழிக்கவியலாது.

1916ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரையே மாற்றியவர்; ஞானசாகரம் என்னும் தம் இதழை அறிவுக்கடல் ஆக்கியவர். அவர் எவர் ஒப்புதலுக்கும் காத்திருந்தாரல்லர். பெயர் மாறியதால் அவர்தம் புலமை குன்றிற்றா? அவ்விதழின் பொருள் திரிந்ததா? ஊரைத் திருத்துமுன் தம் பெயர்வரியைத் திருத்தினார். அதனாலேயே அவர் சொல் ஊரிற் சென்றது.

பட்டியின் பெயர் மாறுவதால் மட்டும் மென்பொருளின் உள்ளிருப்பதெல்லாம் தமிழாகிவிடாது. அதற்குத் தனி மொழிபெயர்ப்பும் நெடும்பணியும் வேண்டும். ஆயினும் வாயிலைத் திருத்தாதவன் உள்வீட்டைத் திருத்துவானா? தமிழ் வாழ்க என்று முழங்குவோர் ஒவ்வொருவரும், முழங்குமுன் தம் கணினியில் ஒரு கோப்பைத் திறக்க, ஒரு வரியை எழுதுக, அவ்வரி தமிழாயிருக்க.