ஜிஎஸ்டி 2பி டேட்டா: எக்செல், ஜேசன், ஏபிஐ... எது சரிப்படும்?

ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி அறிக்கை வந்துவிடும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. இடையில் ஆறே நாள்தான். 2022 ஜனவரி முதல், 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆக, அந்த டேட்டாவை அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேருக்குள் எப்படி ஏற்றுகிறோம் என்பது நேரடியாகக் காசு விஷயம்.

பலரும் போவது எக்செல் வழியில். பழகியது, கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம். அங்கேதான் வில்லங்கமும். ஃபைலை சிஎஸ்வியாக மாற்றி எக்செல்லில் மறுபடி திறந்தால், 0045 என்ற பில் நம்பர் வெறும் 45 ஆகிவிடும்; 3/12 என்பது தேதியாகிவிடும். பில் இருக்கும், ஆனா மேட்ச் ஆகாது. 2020-ல் இங்கிலாந்தில் பழைய எக்செல் ஃபார்மட்டின் வரிசை வரம்பால் 15,841 கொரோனா கேஸ்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனதும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

ஜேசன் ஃபைலை அப்படியே டேலிபிரைம் போன்றவற்றில் ஏற்றலாம். நடுவில் யாரும் கை வைப்பதில்லை. மாதம் சில நூறு பில் வரும் கடைக்கு இதுவே போதும். பல ஜிஎஸ்டி எண்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் ஏபிஐ இணைப்பு லாபம். அதற்கும் போர்ட்டலில் அனுமதி கொடுத்து, ஓடிபி போட வேண்டும். காலம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

மாதாந்திர சப்ளையர் 11-ம் தேதிக்குள் தன் ஜிஎஸ்டிஆர்-1-ல் பில்லை ஏற்றவில்லை என்றால், எந்த வழியில் இம்போர்ட் செய்தும் பயனில்லை. அதுக்கு 10-ம் தேதியே அவருக்குப் போன்தான் போடணும்.