ராத்திரி ஷிஃப்ட்டில் தூக்கம்: தப்பு ஆளிடமா, அட்டவணையிலா?

திருச்சி - சிதம்பரம் சாலையும் தஞ்சாவூர் - அரியலூர் சாலையும் சந்திக்கும் ஊர் கீழப்பழுவூர். சிமென்ட் ஆலை இருப்பதால் ராத்திரி ஷிஃப்ட் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ராத்திரியில் திருச்சி விமான நிலையத்தில் விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளர்களும் விழித்திருக்கிறார்கள். இரு இடத்திலும் எதிரி ஒன்றுதான்: தூக்கம்.

‘ஒரு டீ குடிச்சா சரியாப் போயிடும்’ என்பார்கள். போகாது. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடலின் விழிப்பு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான்.

2011 மார்ச் 23 நள்ளிரவு தாண்டிய நேரம். வாஷிங்டன் ரீகன் விமான நிலையக் கோபுரத்தில் இருந்தவர் ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர். தொடர்ந்து நாலாவது ராத்திரி டூட்டி. தூங்கிவிட்டார். இரண்டு பயணிகள் விமானங்கள் கோபுரத்தின் பதில் இல்லாமலே தரையிறங்கின. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவரைக் குறை சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அமெரிக்க நிர்வாகம் அட்டவணையையும் திருத்தியது. அந்தக் கோபுரத்தில் ராத்திரிக்கு இரண்டாவது ஆள் போடப்பட்டார். இரு ஷிஃப்ட்டுகளுக்கு நடுவே குறைந்தபட்ச ஓய்வு 8 மணி நேரத்திலிருந்து 9 ஆனது. அதை 10 மணி நேரமாகவும், நள்ளிரவு ஷிஃப்ட்டுக்கு முன் 12 மணி நேரமாகவும் உயர்த்தப்போவதாக 2024-ல் அறிவிக்கப்பட்டது.

ஏன் இந்தக் கணக்கு? எட்டு மணி நேர ஓய்வில் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, குளித்து, திரும்பி வரவும் வேண்டும். மிச்சம் ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே பெரிது. அதுவும் பகல் வெளிச்சத்தில், தெருச் சத்தத்தில்! காலை, மாலை, ராத்திரி என்று முன்னோக்கி மாறும் ஷிஃப்ட்டை உடல் ஓரளவு தாங்கும். பின்னோக்கி மாறினால் சிரமம் அதிகம்.

கட்டுப்பாட்டாளர்களின் களைப்பை வேலைநேர விதிகளால் கட்டுப்படுத்த வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2020 முதல் உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. தரையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. லாரி ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது.

விதி காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. மாற்று ஆள் வேண்டும். நடுவில் இடைவேளை வேண்டும். ‘எனக்குக் கண்ணைக் கட்டுது’ என்று சொல்பவருக்குச் சம்பளம் வெட்டாமல் ஓய்வு தர வேண்டும். கோபுரமோ, சூளையோ, லாரியோ, விபத்துக்குப் பிறகு விசாரணையில் முதலில் மேசைக்கு வர வேண்டியது ஷிஃப்ட் அட்டவணை. விபத்துக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.