ஏட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

"அயர்லாந்தைப் பாருங்கள்! சின்னஞ்சிறு நாடு, அது குவித்திருக்கும் செல்வத்தைப் பாருங்கள்! வரியைக் குறைத்தார்கள், வளர்ந்தார்கள். நாமும் வரியைக் குறைப்போம், தொழிற்சட்டங்களைத் தளர்த்துவோம். திருப்பூர் இன்னும் பத்து மடங்கு வளரும்!"

இப்படிப் பாடம் நடத்தும் பண்டிதர்கள் பலர் இன்று மேடைதோறும் கிளம்பியிருக்கின்றனர். பனியன் தொழிலாளிக்கு அயர்லாந்து எத்திசையில் இருக்கிறதென்று தெரியாமலிருக்கலாம். ஆனால், சனிக்கிழமை வாங்கிய சம்பளம் செவ்வாய்க்கிழமைக்குள் எங்கே போயிற்று என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, பண்டிதர்களின் பாடத்தை, அவர்கள் மறைத்த பக்கங்களோடு சேர்த்துப் படித்துக்காட்டுவது நம் கடமையாகிறது.

அயர்லாந்து ஐம்பது இலட்சத்துக்குச் சற்றே மேற்பட்ட மக்களைக் கொண்ட நாடு. 1950-களில் பிழைக்க வழியின்றி இலட்சக்கணக்கானோர் அந்நாட்டைவிட்டுக் கப்பலேறினர். அது நிமிர்ந்தது எவ்வாறு? 1958-ல் அரசு பொருளாதாரத் திட்டம் தீட்டிற்று. 1967-ல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை இலவசமாக்கிற்று. 1973-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. சாலைக்கும் பயிற்சிக்கும் அங்கிருந்து பொதுப்பணம் வந்தது. படித்த இளைஞர் படையொன்று உருவான பின்னரே அமெரிக்கக் கம்பெனிகள் அங்கே பெருமளவில் குவிந்தன. இவ்வளவையும் விழுங்கிவிட்டு, பன்னிரண்டரை விழுக்காட்டு வரி என்ற ஒன்றை மட்டும் உமிழ்கின்றனர் நம் பண்டிதர்கள்! வரிக்குறைப்பு ஒரு காரணமே அன்று என நாம் சொல்லவில்லை. அதுவே எல்லாம் என்பது புரட்டு என்கிறோம்.

வரிக்குறைப்பைத் தேடி வந்த செல்வத்தின் யோக்கியதை என்ன? 2015-ல் அந்நாட்டின் மொத்த உற்பத்தி ஒரே ஆண்டில் 25 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததாகக் கணக்கு வெளியாயிற்று. நாடெங்கும் புதிய ஆலைகள் எழுந்தனவா? இல்லை. பன்னாட்டுக் கம்பெனிகள் சில, தம் காப்புரிமைச் சொத்துக்களைக் காகிதத்தில் அயர்லாந்துக்கு மாற்றி எழுதிக்கொண்டன. பெரும்பகுதி அதன் விளைவே! உலகம் நகைத்தது. அந்நாட்டுப் புள்ளியியல் துறையே, அந்த வீக்கத்தைக் கழித்துக் காட்டும் வேறோர் அளவுகோலை 2017-ல் வெளியிட்டது. வீக்கம் வேறு, வளர்ச்சி வேறு என்பதை அயர்லாந்தே ஒப்புக்கொண்டுவிட்டது; நம்மூர்ப் பண்டிதர்கள்தாம் ஒப்புக்கொள்ள மறுக்கின்றனர்.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு வருவோம்.

1985-ல் சில பத்துக் கோடிகளைத் தாண்டாதிருந்த பின்னலாடை ஏற்றுமதி, 2024-25-ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டிற்று. பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால் இந்தப் பெருமையைப் பெற்றெடுத்தது எது? "தனியார் துணிச்சல்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கின்றனர். 1920-களில் இங்கே பின்னல் இயந்திரம் வந்தது மெய். ஆனால், 1930-களில் அந்த இயந்திரங்களுக்கு உயிர் தந்தது எது? நீலகிரியின் பைக்காராவிலிருந்து அரசு கொணர்ந்த மின்சாரம்! 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு சிறுதொழிலுக்குக் கடன் கதவைத் திறந்தது எது? பொதுத்துறை! பருத்தி விளைவித்துத் தந்தவர் யார்? கொங்குச் சீமையின் உழவர்! 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வந்து வியந்து வாங்கியது எதனை? தறியிலும் தையலிலும் தேர்ந்த கைகளின் திறத்தை!

இயந்திரத்தின் முன் நின்று, பின்னர் கம்பெனி கண்டவர் பலர் இவ்வூரில் உண்டு. அவர்தம் வியர்வையை நாம் இகழோம். நாம் கேட்பது ஒன்றே: அவர்கள் ஏறிவந்த ஏணியில் அடுத்த படி இன்று யாருக்கேனும் எட்டுகிறதா? கட்டிங் மேசையிலும் ஓவர்லாக் இயந்திரத்திலும் பீஸ் ரேட்டுக்குக் குனிந்திருப்பவனுக்கு, கைமடி வேலை பார்க்கும் பெண்ணுக்கு, ஒன்றரை ஷிப்ட் முடித்து நள்ளிரவில் லைன் வீட்டுக்குத் திரும்புவோருக்கு அது எட்டுகிறதா?

கேட்காமல் கிடைத்தது எதுவுமில்லை, தோழர்களே! 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது இவ்வூர்ப் பனியன் தொழிலாளர் வர்க்கம். நான்கு மாதம் அடுப்பெரியாத வீடுகளின் கதை எந்த ஏற்றுமதி மலரிலும் அச்சாகவில்லை. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க இடமளிக்கும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் பொங்கியெழுந்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஆயினும் ஆபத்து அகலவில்லை. 2025 நவம்பர் 21 முதல், 29 மத்தியச் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்துவிட்டன. அரசு அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யலாம் என்னும் வரம்பு, 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்ந்துவிட்டது. சிறு கம்பெனிகளும் பவர் டேபிள்களும் நிறைந்த திருப்பூரில் இதன் பொருளென்ன என்று நாம் விளக்கவும் வேண்டுமோ?

"கட்டுப்பாடு விதித்தால் தொழில் செத்துவிடும், ஆர்டர் வங்காளதேசத்துக்கு ஓடிவிடும்" என்று பூச்சாண்டி காட்டுகின்றனர். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. நொய்யல் ஆறு சொல்லும்!

சாயக்கழிவைச் சுமந்து சுமந்து நொய்யல் நிறம் மாறிற்று. பாசனத்துக்கென 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்த் தொட்டியாயிற்று. கீழ்மடை உழவரின் கிணறு உப்பாயிற்று, தென்னை கருகிற்று. அவ்வுழவர்கள் அஞ்சாது வழக்காடினர். 2011 சனவரியில், சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் அடைபட்டன. "திருப்பூர் ஒழிந்தது!" என்று ஓலமிட்டனர் பண்டிதர்கள். தொழிலாளரும் அந்நாளில் வேலையின்றித் தவித்தனர். அதை மறைக்க மாட்டோம். ஆனால் நடந்ததென்ன? ஒரு சொட்டுக் கழிவையும் ஆற்றில் விடாத சுத்திகரிப்பு முறைக்குச் சாயத்தொழில் மாறிற்று. ஏற்றுமதியோ அன்றிருந்ததைப்போல் ஏறத்தாழ மும்மடங்காயிற்று! அன்று எந்தக் கட்டுப்பாட்டை எமன் என்றார்களோ, அதையே இன்று அயல்நாட்டு வணிகரிடம் பெருமையாகக் காட்டி ஆர்டர் பிடிக்கின்றனர்.

ஆற்றுக்கு நீதி செய்ததால் அழியாத தொழில், ஆளுக்கு நீதி செய்தால் அழிந்துவிடுமா?

மலிவையே மூலதனமாக நம்பினால் முடிவு என்னவென்பதை வங்காளதேசம் காட்டிற்று. 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். அந்தப் பந்தயத்தில் முந்துவதா நம் இலட்சியம்? மேலும், மலிவு காக்கவும் செய்யாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள்மீது 50 விழுக்காடு இறக்குமதி வரியைச் சுமத்தியபோது, ஆர்டர்கள் நின்றன. முதலில் காலியானது தொழிலாளியின் சட்டைப்பை. அமெரிக்கக் கம்பெனிகளை நம்பி அயர்லாந்து நிற்பதும், அமெரிக்கக் கடைகளை நம்பித் திருப்பூர் நிற்பதும் ஒரே கதை: வீடு நம்முடையது, சாவி வேறொருவன் இடுப்பில்!

ஆகவே தோழர்களே, பண்டிதர்கள் ஏட்டுக் கணக்கை விரித்தால், நாம் வீட்டுக் கணக்கை விரிப்போம். இந்த ஞாயிறே லைன் வீடுகளுக்குச் செல்லுங்கள். பீஸ் ரேட் கடைசியாக உயர்ந்தது எப்போது? வாடகை உயர்ந்தது எத்தனை முறை? பி.எப். பிடித்தம் கணக்கில் ஏறியிருக்கிறதா? ஈ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்கிறதா? கேட்டு எழுதுங்கள். தேனிக்காரனையும் திருவாரூர்க்காரனையும் கேட்பது போலவே ஒடிசாத் தோழனையும் பீகார்த் தோழனையும் கேளுங்கள். 2023 மார்ச்சில் பொய்ப் படங்களைப் பரப்பி அவர்களை நம்மிடமிருந்து பிரிக்கப் பார்த்தவர்களுக்கு அதுவே தக்க விடை.

அயர்லாந்து தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது வெட்கத்தால். திருப்பூரின் அளவுகோலை மாற்றப்போவது உழைப்பவன் எழுப்பும் குரல். அந்தக் குரலை ஒவ்வொரு பவர் டேபிளுக்கும் கொண்டுசேர்ப்பது நம் வேலை. புறப்படுங்கள்!