கார்டு கிடைச்சுதா?

சனிக்கிழமை ரிகர்சல். அதற்குள் ஒரு பழைய பாட்டின் செகண்ட் பிஜிஎம்மில் நாலு பார் என்ன கார்ட் என்று தெரிந்தாக வேண்டும். மூன்று பார் காதுக்குப் பிடிபட்டுவிட்டது. நாலாவது மட்டும் விலாங்கு மீன் மாதிரி வழுக்கிக்கொண்டே இருந்தது. மெல்லிசைக் குழுவில் பதினைந்து வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவன், ஒரு பாருக்காக இன்னொருவரிடம் போய் நிற்பதற்கு மானம் தடுத்தது. அதனால் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் மாட்டுகிற, கார்ட் கண்டுபிடிக்கிற பிளகின் ஒன்றைக் காசு கொடுத்தே வாங்கினேன்.

இதை வீட்டில் வாய்விட்டுச் சொன்னது முதல் தப்பு. "கார்டு கண்டுபிடிக்கவா? எதுடா தொலைஞ்சுபோச்சு, ரேஷன் கார்டா ஆதார் கார்டா?" என்று அம்மா பீரோவைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது தப்பு, இன்ஸ்டால் செய்யும்போது வந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக் அடித்தது. அடிக்காமல் விட்டால் எது குறையும் என்று யாருக்குத் தெரியும்? முடிந்தபின் எண்ணிப் பார்த்தேன். விஎஸ்டி2 என்ற பிளகின் வடிவத்தில் மூன்று, விஎஸ்டி3-இல் மூன்று, ஏஏஎக்ஸில் மூன்று, தனியாக ஓடுவது ஒன்று. ஆகப் பத்து. நான் வாங்கியது ஒன்றுதான் என்று பில் சொல்கிறது.

பாட்டை டிராக்கில் போட்டேன். அந்த டிராக்கின் இன்சர்ட்டில் பிளகினைத் தேடினால் நான் விரும்பிய பெயர் அங்கே இல்லை. அதே பெயருக்குப் பின்னால் 'ஆடியோ' என்று வால் முளைத்த ஒன்று இருந்தது. வால் இல்லாததுதான் அசல் என்று நினைத்து அதைத் தேடிப்பிடித்து இன்ஸ்ட்ருமென்டாகத் திறந்தேன். அழகான திரை, நடுவில் ஒரு வட்டம். பாட்டை ஓட்டினேன். வட்டம் அசையவில்லை. வால்யூமைக் கூட்டினேன். பக்கத்து வீட்டு நாய்தான் அசைந்தது. ஒரு மணி நேரம் கழித்து, சலிப்பில் கை தவறி கீபோர்டில் பட, திரையில் சட்டென்று 'சி மேஜர்' என்று எரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. இந்தப் பிறவிக்குக் காது கிடையாது. விரல் எந்தக் கட்டையில் விழுகிறது என்ற மிடி தகவல் மட்டும்தான் இதற்கு உணவு. பாட்டைக் கேட்பது வால் முளைத்தவர். மூன்றாமவர் மிடி எஃபெக்ட்: மிடியை வாங்கி மிடியாகவே திருப்பிக் கொடுப்பவர். லாஜிக் மாதிரி சாஃப்ட்வேரில் இன்ஸ்ட்ருமென்டுக்கு மேலே அவருக்கென்று ஓர் இடமே உண்டு. என்னுடையதில் அப்படி ஓர் இடமே கிடையாது. ஆனாலும் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஏன் மூன்று என்பதற்கு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு பிளகின் உள்ளே நுழையும்போதே தான் வாத்தியமா, எஃபெக்டா, மிடிக்காரனா என்று சொல்லிவிட வேண்டும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் அதைப் பார்த்துத்தான் ஒயர் கொடுக்கும். அதனால் ஒரே மூளைக்கு மூன்று சட்டை மாட்டி அனுப்புகிறார்கள். சரி, அனுப்புங்கள். 'பாட்டு ஃபைல் வைத்திருப்பவருக்கு', 'கீபோர்டு வாசிப்பவருக்கு' என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? மருந்துக்கடைக்காரர்கூடக் கவரில் காலை, இரவு என்று கிறுக்கித் தருகிறார்.

விஎஸ்டி2, 3 என்ற சண்டை தனி. ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1996-இல் விஎஸ்டியைக் கொண்டுவந்தது, 1999-இல் இரண்டாம் பதிப்பு, 2008-இல் மூன்றாவது. இரண்டாவதற்குப் புதிதாக லைசென்ஸ் கொடுப்பதையே 2018 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். நியாயப்படி 3 வந்தால் 2 விலக வேண்டும். விலகவில்லை; என் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில், ஒரே படத்தோடு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. பழைய ப்ராஜெக்ட் 2-ஐத்தான் கேட்கும் என்பதால் 2-ஐத் தூக்கவும் பயம். ஏஏஎக்ஸ் ப்ரோ டூல்ஸுக்கானது. அது என்னிடம் இல்லை, எனக்குத் தெரிந்த தெருவிலேயே யாரிடமும் இல்லை. மேக் வைத்திருக்கும் நண்பனைக் கேட்டால், "எங்களுக்கு இதெல்லாம் கிடையாதுப்பா, லாஜிக்குக்கு ஏயு மட்டும்தான்" என்று ஏதோ வரி விலக்கு வாங்கியவன் மாதிரி சொல்கிறான்.

சரி, வால்காரரை இன்சர்ட்டில் போட்டாயிற்று. பாட்டு ஃபைல் முழுக்கக் கையில் இருக்கிறதே, ஒரே மூச்சில் படித்து எல்லாக் கார்டையும் சொல்லிவிடும் என்று எதிர்பார்த்தேன். சொல்லாது. சாதாரண பிளகினுக்கு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் பாட்டைத் துண்டு துண்டாகத்தான் ஊட்டும். என் செட்டிங்கில் ஒரு துண்டு 512 சாம்பிள். நொடிக்கு 44,100 என்ற கணக்கில் அது சுமார் 12 மில்லிசெகண்ட். ஜன்னல் இடுக்கு வழியாகப் போகிற பஸ்ஸைப் பார்த்து ரூட் நம்பர் சொல்கிற வேலை. பேஸ் கித்தாரின் அடி ஈ தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. ஒரு முழு அதிர்வுக்கே 24 மில்லிசெகண்ட் வேண்டும். ஆக ஒரு துண்டில் அதன் பாதி அலைகூட அடங்காது. அதனால் துண்டுகளைச் சேர்த்து வைத்து, யோசித்து, பாட்டு அடுத்த கார்டுக்குப் போனபிறகு முந்தையதைச் சொல்கிறது. இதற்கு வழியில்லாமல் இல்லை. முழு ஃபைலையும் பிளகினுக்கு முன்கூட்டியே காட்டுகிற ஏஆர்ஏ என்ற ஏற்பாட்டை செலமோனி, ப்ரீசோனஸ் நிறுவனங்கள் 2011-லேயே கொண்டுவந்தார்கள். நான் வாங்கியதில் அது இல்லை. தனியாக ஓடுகிற பத்தாமவரிடம் ஃபைலை இழுத்துப் போட்டால் முழுசாகப் படிப்பாராம். இதை உதவிக் கையேட்டின் கடைசிக்கு முந்தின பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

அங்கும் போட்டேன். முதல் தடவை நாலாவது பாருக்கு சி6 என்றது. ஆரம்பத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி போட்டால் ஏ மைனர் 7 என்றது. திட்ட வாயெடுத்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நாலு ஸ்வரம்: சி, ஈ, ஜி, ஏ. இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் எல்லா ஆக்டேவையும் மடித்துப் பன்னிரண்டு டப்பாவில் போட்டு, எந்த டப்பா நிரம்பியிருக்கிறது என்றுதான் பார்க்கின்றன. புஜிஷிமா என்ற ஜப்பானியர் 1999-இல் எழுதிய வழி அது. மடித்த பிறகு யார் கீழே நின்றார், யார் மேலே நின்றார் என்ற விவரம் மங்கிவிடும். அந்த பாரில் பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்பதுதான் தீர்ப்பு. எனக்குக் கிடைத்த மோனோ டேப் காப்பியில் கேட்காதது அந்த பேஸ் மட்டும்தான். போதாக்குறைக்கு டேப் எந்த வேகத்தில் ஓடியதோ, சுதி சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் தொங்குகிறது. நான்தான் கையால் இழுத்துச் சரிசெய்திருந்தேன்.

எனவே மூன்று நாள், பத்து பிளகின், ஒரு பார். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எங்கள் பேஸ் கித்தார்காரருக்கு போன் போட்டேன். "அந்த இடமா தம்பி? நான் மேடைக்கு மேடை மாத்தி வாசிப்பேன், நீங்க கவனிச்சதில்லையா?" என்றார்.

லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கார்டு கிடைச்சுதாடா?" என்றார்.

"ரெண்டு கிடைச்சுதும்மா."

"ஒண்ணைப் பத்திரமா பீரோவுல வை."